மேலே வராத எண்ணெய்

செத்தவன் கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் தானியேலை உறுத்தியது அது ஒன்றுதான்.

விக்கிரமசிங்கபுரம். 1994, ஆடி மாதம். ஒரு தகர ஷெட். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்த கதவை இப்போதுதான் உடைத்திருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த பழைய சீமைக் காரை அணைத்திருந்தார்கள்.

அதன் என்ஜின் மேலேயே கவிழ்ந்து கிடந்தான் மெக்கானிக் ஐயம்பெருமாள்.

புகை... மூச்சை நிறுத்திவிட்டது.

"தற்கொலைதான் சார்," என்றார் ஏட்டு. "காலைல பொண்டாட்டிகூட சண்டையாம்."

வாசலில் அவன் தாய் வடிவம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "வாயாலயே எம்பிள்ளையக் கொன்னுட்டாளே..."

மனைவி கோமு அழவில்லை. நூல் மில்லிலிருந்து அப்படியே ஓடிவந்தவள்.

"'அந்தக் காரையே கட்டிக்கிட்டு அழுங்க'ன்னேன் சார். அதுக்காவா என்னை விட்டுட்டுப் போனாரு? அத மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

உடலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு தானியேல் திரும்பினார்.

"சாகப் போறவனுக்கு வெளிச்சம் எதுக்குவே?"

தானியேல் என்ஜினுக்குள் குனிந்து பார்த்தார்.

என்ஜினின் மேல் மூடி கழற்றப்பட்டிருந்தது. உள்ளே வரிசையாக ராக்கர்கள்... வால்வுகளை அழுத்தித் திறக்கும் சின்ன இரும்புக் கைகள். கீழேயுள்ள எண்ணெயை பம்ப் தள்ளும். வெளிப்பக்கம் ஓடும் மெல்லிய செம்புக் குழாய் வழியே அது ஏறி, ராக்கர்களை நனைக்க வேண்டும். பிரித்துச் சேர்த்த என்ஜினில் அது ஏறுகிறதா என்று எப்படித் தெரியும்?

மூடியைக் கழற்றி, ஓடவிட்டு, வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும்!

"சரி சார்... கதவை எதுக்கு அடைச்சான்?" என்றார் ஏட்டு.

"ஆடிக் காத்து மண்ண வாரி அடிக்குதுல்லா சார்," என்றாள் கோமு. "தொறந்த என்ஜின்ல ஒரு பொட்டு மண்ணு விழுந்தாலும் போச்சும்பாரு. தாழ்ப்பாள் போடலன்னா இந்தக் கதவு நிக்காது."

"சட்டுனு பாத்துட்டு வெளிய வந்திருக்கலாமே?" ஏட்டு விடவில்லை.

கதவைத் திறந்தே வைத்து தானியேல் காரை ஸ்டார்ட் செய்தார். ராக்கர்கள் டக்டக்கென்று ஆடின. வெளிச்சம் அடித்தார். காத்திருந்தார்...

ஒரு சொட்டு இல்லை.

"இதான்வே. இப்ப வரும், இப்ப வரும்னு நின்னிருக்கான். எண்ணெய்க்கு முந்திப் புகை வந்துட்டு."

"அப்போ... என்னை விட்டுட்டுப் போகல."

கோமு அப்போதுதான் அழுதாள்.

தானியேல் என்ஜினை நிறுத்தினார். செம்புக் குழாயைக் கழற்றி ஒரு கம்பியால் குத்தினார். பச்சையாக ஒன்று வெளியே வந்தது.

நூல்.

மூலையில் அதே பச்சையில் கழிவு நூல் பொதி, உதிரிகளைத் துடைக்க. யார் கொண்டுவந்தது என்று அவர் கேட்கவில்லை. கோமுவின் தலைமுடியில் அதே பச்சைப் பிசிறு.

விரல்களை மூடிக்கொண்டார்.

"என்னது சார்?"

"செம்புக் களிம்பும்மா. பச்சையாப் பூத்து அடைச்சிருக்கு."

குழாயைத் திருப்பி மாட்டி ஸ்டார்ட் செய்தார். ராக்கர்களில் எண்ணெய் பளபளவென்று வழிந்தது.

"அவ்வளவுதான். அடைப்பை எடுத்தா எண்ணெய் வந்துருது."

கோமு எண்ணெயைப் பார்க்கவில்லை. அவர் விரலிடுக்கில் தொங்கிய நூல் நுனியைப் பார்த்தாள்.

"மில்லுல அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடுதது என் வேலை சார்," என்றாள். "களிம்பு எப்போ முடிச்சுப் போடப் படிச்சுது?"