விடை வேண்டாத கணக்கு

"அது தப்புங்க" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். கூடவே ஒரு சொட்டு மழைத்தண்ணீர் அவள் எழுதிக்கொண்டிருந்த தாளில் விழுந்தது.

திரும்பினாள். தொப்பலாக நனைந்தவன். மூட்டை சுமந்த தோளில் படிந்திருந்த சிமெண்ட் கரைந்து சட்டையெல்லாம் கோடு கோடாய் வழிந்தது. கண்கள் மட்டும்... மழை நின்ற வானம் மாதிரி பளிச்சென்று. அதைக் கவனித்துவிட்டோமே என்று அவளுக்குத் தன்மீதே எரிச்சல்.

நூலகத்தில் அந்தப் பயிற்சிப் புத்தகம் ஒரே பிரதி. அதற்காகத்தான் வந்து நிற்கிறான்.

கணக்கு இதுதான். ஓர் எண் வரிசை, அதன் முதல் எண் ஒன்று. எந்த எண்ணையும் மாறாத ஒரே எண்ணால் பெருக்கினால் அடுத்தது வரும். இரண்டாம் எண்ணைச் சொல்ல எந்தத் தகவல் போதும்? மூன்றாம் எண் ஒன்பது என்பதா, நான்காம் எண் இருபத்தேழு என்பதா? எது இருந்தாலும் போதும் என்று அவள் குறித்திருந்தாள்.

"ஒன்பது போதாது. மூணும் வரும், மைனஸ் மூணும் வரும். இருபத்தேழு சொன்னாத்தான் மூணு மட்டும் நிக்கும்."

சரிதான். அதுதான் சுருக்கென்றது. அழித்துத் திருத்தினாளே தவிர நன்றி சொல்லவில்லை.

அவளுக்கு இது விளையாட்டில்லை. சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளை நீராவியில் தேய்க்கிற வேலை. முழங்கை வரை சூட்டுத் தழும்பு. துறைமுகக் கிடங்கில் கண்காணிப்பாளர் வேலை ஒன்று காலி, ஒன்றே ஒன்று. அதற்கான பரீட்சைக்குத்தான் இந்தப் படிப்பு. அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். இது இல்லையென்றால் ஆயுசுக்கும் ஆவிதான்.

மறுநாளும் வந்தான், எதிரே உட்கார்ந்தான். அவள் புத்தகத்தைத் தள்ளவில்லை... குறுக்காகத் திருப்பி வைத்தாள், இருவருக்கும் தெரிகிற மாதிரி. அவன் 'மைனஸ் மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தான். அவள் பதிலுக்கு 'மூட்டை' என்றாள்.

மூட்டைக்கும் ஒரு வியாதி இருந்தது. விடையைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டான். பத்தாம் எண்ணைச் சொல்லத் தகவல் போதுமா என்று கேட்டால், ஏழை ஏழால் பெருக்கிப் பெருக்கித் தாளை நிரப்புவான். ஒருநாள் பென்சிலைப் பிடுங்கிவிட்டாள்.

"விடை என்னன்னு யாரு கேட்டா? கிடைக்குமா கிடைக்காதான்னுதானே கேக்குறான்? பெருக்குற எண் ஏழுன்னு தெரிஞ்சாச்சு, போதும். அடுத்ததுக்குப் போங்க."

விரல்கள் பட்டன. இருவரும் சற்று நேரம் ஒரே வரியைப் படித்துக்கொண்டிருந்தார்கள்...

எந்தப் பரீட்சைக்கு என்று அப்புறம்தான் கேட்டுக்கொண்டார்கள். அதே கிடங்கு. அதே ஒற்றை வேலை.

வீட்டில் சொன்னபோது, சலவைக்கூடத்தில் பக்கத்து மேசையிலேயே தேய்க்கிற அவள் அம்மா, போட்டிக்கு வர்றவனுக்கே புத்தி சொல்லிக் கொடுத்தியாக்கும் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அது பரவாயில்லை. அடுத்த நாள் அவன் சொன்னதுதான் தாங்கவில்லை. அவனுக்கு வயது இருக்கிறதாம். இந்த முறை எழுதப் போவதில்லையாம்.

அவள் முகம் சிவந்தது.

"மூட்டை இறக்குற மாதிரி வேலைய எம் மடியில இறக்கி வைக்கிறியா? எத்தனையோ பேரு எழுதறாங்க. அதுல நீயும் ஒருத்தன். உன்னத் தாண்டிப் போறேன். வழி விட்டுப் பிச்சை போடாத."

புத்தகத்தை அவன் பக்கமே தள்ளிவிட்டு எழுந்து போனாள். பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. விரிப்பு தேய்க்கும்போதே மனசுக்குள் பெருக்கினாள். மைனஸ் இரண்டு, நான்கு, மைனஸ் எட்டு... ஒரு தடவை கூடக் குறி தவறக்கூடாது. இடையிடையே அந்தக் கண்கள் வந்தன. வரட்டும், கணக்கு நிற்காது என்று மேலும் அழுத்தித் தேய்த்தாள்.

பரீட்சை நாளன்று நல்ல மழை. கூடத்தில் நுழைந்ததும் தேடினாள். முன் வரிசையில் அந்த முதுகு... வந்திருந்தான். அவளுக்குள் என்னவோ இறங்கி உட்கார்ந்தது. தலையைக் குனிந்தவள், மணி அடிக்கும் வரை நிமிரவில்லை.

வெளியே கூரையோரம் நின்றுகொண்டிருந்தான்.

"எழுதினீங்களா?" என்று அவள்தான் கேட்டாள்.

"ஒண்ணு விடாம."

"எனக்கு விட்டுக் குடுத்து?"

"இல்ல. ஜெயிக்கத்தான் எழுதினேன்." சொல்லிவிட்டு, அடி விழுமோ என்பதுபோலப் பார்த்தான்.

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அப்ப ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. ரிசல்ட் வந்தப்புறம் சொன்னா, நான் ஜெயிச்சிருந்தா இரக்கப்பட்டுச் சொன்னேன்னு நினைப்ப. நீ ஜெயிச்சிருந்தா வேலையப் பாத்துச் சொன்னேன்னு ஊரு பேசும். அதனால இப்பவே... எனக்கு உன்னப் பிடிச்சிருக்கு. எது வந்தாலும்."

மழை கொட்டிக்கொண்டே இருந்தது.

"நானே சொல்லணும்னுதான் நின்னேன்... நீ முந்திக்கிட்ட."

"வேலையிலயும் முந்துவேன்" என்று மழைக்குள் இறங்கி நடந்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் அவன் பக்கத்தில் வந்திருந்தான்.