வெளியே போயிருக்கிறாள்

சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகள்தான் இருந்தன. வேலையிலிருந்து வந்து, நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டுக் கை கழுவி உட்கார்ந்தவளுக்கு எது சரியில்லை என்று முதலில் பிடிபடவில்லை. மின்விசிறி வழக்கம்போலக் கறகறவென்று சுற்றியது. மழைக்கு ஜன்னலைச் சாத்தியிருந்ததால் வீடு முழுக்க ஈரத்துணி வாடை. அம்மா எதிரே உட்கார்ந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் கண்ணில் பட்டது. ஜன்னலோர நாற்காலிக்கு முன்னால் மேசை காலியாக இருந்தது.

அந்த இடத்தில் எப்போதும் நீல விளிம்பு போட்ட தட்டு ஒன்று கவிழ்த்து வைத்திருக்கும். தங்கையுடைய தட்டு. இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு சாயங்காலம், "பேனா வாங்கிட்டு வந்துடறேன்" என்று கடைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. போலீஸ் வந்தது, விசாரித்தது, போனது. தெருவெல்லாம் படம் ஒட்டினார்கள். மழை அதையும் கரைத்துவிட்டது. ஆனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அவளைப் பற்றி "இல்லை" என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. போனில் கேட்டாலும் சரி, கதவைத் தட்டிக் கேட்டாலும் சரி, அம்மாவின் பதில் ஒன்றுதான்: "வெளிய போயிருக்கா." தட்டு கவிழ்ந்தபடி காத்திருக்கும். சாப்பிட்டு முடித்ததும் அம்மா அதையும் சேர்த்துக் கழுவி வைப்பாள்.

"அம்மா, தட்டு எங்க?"

"உன் முன்னாடிதான இருக்கு?"

"இது இல்லம்மா. இன்னொண்ணு."

"ஏன், யாராவது வர்றாங்களா?" அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "முன்னாடியே சொல்லியிருந்தா கூடக் கொஞ்சம் செஞ்சிருப்பேன்ல?"

அம்மா இந்த விஷயத்தில் விளையாடுகிற ஆள் இல்லை. ஒருவேளை அம்மாவே மனதைத் தேற்றிக்கொண்டு தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டாளோ? கேட்டால் அழுவாளோ? அதற்கு மேல் கிளற வேண்டாமென்று அவள் குனிந்து சாப்பிட்டாள். 

அவளுக்குப் பல் கட்டும் வேலை. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, காயவைத்து, மெழுகில் ஈறு வைத்து, ஒவ்வொரு பல்லாகப் பதித்துப் பல்செட் செய்கிற லேபில் நாள் முழுக்கக் குனிந்தே கிடப்பாள். அவளுடைய முன்பல்லின் ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். சோடா மூடியைக் கடித்துத் திறந்த வீரத்தின் விளைவு. "ஊருக்கெல்லாம் பல் கட்டற, உன் ஓட்டையை அடைக்க மாட்டியா?" என்று தங்கை கிண்டல் செய்துகொண்டே இருப்பாள். இப்போது லேப் முதலாளி ஜப்பானில் இருக்கும் கிளைக்கு ஆள் எடுக்கிறார். அந்த மொழியில் முதல் தேர்வை எழுதித் தேறினால் போதும். போய்விடலாம். கவிழ்த்து வைத்த தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற இந்த வாழ்க்கையிலிருந்து தப்பித்துவிடலாம் என்ற ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பாடம் போனில்தான். ஒரு பெண் குரல் கேள்வி கேட்கும். பதில் சொல்லக் கொஞ்சம் அமைதி விடும். பிறகு சரியான பதிலைத் தானே சொல்லும். முந்தின நாள் சாயங்காலம் வந்தது "இல்லை" பாடம். அந்த மொழியில் இரண்டு இல்லை. நாற்காலி, மேசை போன்ற பொருள் இல்லையென்றால் "அரிமாசென்". மனிதரோ பூனையோ, உயிருள்ளது எதுவும் இல்லையென்றால் "இமாசென்". பூனை இருக்கிறதா என்று குரல் கேட்டது. "இமாசென்" என்றாள். நாய்? "இமாசென்." கடகடவென்று போய்க்கொண்டிருந்த பாடத்தில் திடீரென்று அந்தக் கேள்வி வந்தது. உங்களுக்குத் தங்கை இருக்கிறாளா?

அவள் வாய் தானாக "வெளிய போயிருக்கா" என்று சொல்லத்தான் திறந்தது. அதற்கு அந்த மொழியில் என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியாது. பாடம் இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை. இருக்கிறாள், அல்லது இல்லை. இரண்டே பதில். அட, சொன்னால்தான் என்ன? யாருக்குப் புரியப்போகிறது? அந்த வீட்டில் ஜப்பானிய மொழி தெரிந்த சுவர்கூடக் கிடையாது.

"இமோத்தோ வா இமாசென்" என்றாள். தங்கை இல்லை.

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! இத்தனை காலம் தொண்டையில் மாட்டிக்கிடந்த முள் இறங்கிய மாதிரி இருந்தது. அந்த நிம்மதிக்காகவே இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். வழக்கமாக விடும் அமைதியைவிட அன்று குரல் நீளமாகவே அமைதி விட்டது. காதில் மாட்டியிருந்த இயர்போனுக்குள் யாரோ மூச்சு விடுவது கேட்டது. பிறகு குரல், "ஹாய்" என்றது. ஆமாம் என்று அர்த்தம். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது சாப்பிட்டுவிட்டு வாய் கொப்பளிக்கப் போனவள் குளியலறைக் கண்ணாடியின் முன் அப்படியே நின்றுவிட்டாள். டம்ளரில் அவளுடைய பிரஷ் இருந்தது. அம்மாவுடையது இருந்தது. காலையில்கூடப் பார்த்த தங்கையின் பச்சை பிரஷைக் காணோம். அது சாய்ந்து சாய்ந்து கண்ணாடி டம்ளரின் விளிம்பில் ஒரு பச்சைத் தடம்கூடப் பதிந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். அதுவும் போயிருந்தது.

அறைக்கு ஓடினாள். அக்கா தங்கை இருவருக்கும் ஒரே அறை, சுவரோரமாக இரண்டு கட்டில். தங்கையின் கட்டிலில் போர்வை மடிப்பு கலையாமல் இருக்கும். இப்போது அதன் மேல் துவைத்த துணி மலைபோலக் குவிந்து கிடந்தது. சுவரில் இருவரும் தோளில் கை போட்டு நின்ற படம். படத்தில் அவள் மட்டும் நின்றாள். நீட்டிய கை அந்தரத்தில், யார் தோளிலும் படாமல் இருந்தது.

அலமாரி மேல்தட்டில் கைவிட்டாள். வேலை பழகியபோது அவள் எடுத்த முதல் அச்சு அங்கே இருக்கிறது. தங்கையின் வாய். "வாந்தி வருது, எடுடி" என்று அவள் கத்தக் கத்த எடுத்தது. வரிசையை விட்டுத் துருத்திக்கொண்டிருக்கும் அந்தத் தெத்துப்பல்லோடு, அவள் சிரிப்பு அப்படியே மாவில் உறைந்திருக்கும். கையில் கனமாகத் தட்டுப்பட்டது. அப்பாடா, இருக்கிறது. வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தாள்.

பல் ஒன்றுகூட இல்லை. உடைந்த தடமும் இல்லை. பிறந்த குழந்தையின் ஈறு மாதிரி வழவழவென்று இருந்தது.

"அம்மா!" கூடத்துக்கு வந்தபோது அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "குட்டியோட அச்சை யாரு தொட்டது?"

"எந்தக் குட்டி?"

"விளையாடாதம்மா. தங்கச்சி."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். புறங்கையை அவள் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே. உனக்கு ஏதுடி தங்கச்சி? ஒத்தப் பிள்ளையாப் பெத்து வச்சிருக்கேன், அதுவும் படிச்சுப் படிச்சு மூளை குழம்பிப்போச்சுன்னா நான் எங்க போவேன்?"

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். அதுதான் அவளைக் கலக்கியது. இரண்டு வருஷமாக அம்மாவின் கண்ணுக்குக் கீழே கிடந்த கருவளையத்தைக் காணவில்லை. முகம் தெளிந்திருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்தவளின் முகம். பாவி, இப்படியே விட்டுவிடேன் என்று மனதின் ஒரு பாதி சொன்னது. அம்மா இனி அழ மாட்டாள். வாசலைப் பார்க்க மாட்டாள். நீயும் கிளம்பிப் போகலாம்.

சரி, விட்டுவிடலாம். ஆனால் அந்தத் தெத்துப்பல், அது இடது பக்கமா, வலது பக்கமா?

யோசித்தாள். எத்தனையோ பேருடைய வாயை மனப்பாடமாக வைத்திருக்கிறவளுக்கு அது நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடித் தங்கையின் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தாள். மூக்கு வரவில்லை. குரல் வரவில்லை. ஈரத்தில் ஊறிய காகிதம் மாதிரி எல்லாம் கரைந்துகொண்டிருந்தது. உலகத்திலேயே அவள் தலைக்குள் மட்டும்தான் தங்கை மிச்சமிருந்தாள். அங்கேயும் போய்க்கொண்டிருந்தாள்.

"ஐயோ, என் குட்டி" என்று முனகிக்கொண்டே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நேற்றுச் சொன்ன அந்தச் சொல்தானே அவளைப் போக்கியது? சொல்லியே கொண்டுவரலாம். மேசை விளக்கைப் போட்டாள். போனில் அதே பாடம். அதே குரல். நாய் இருக்கிறதா, பூனை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் அந்தக் கேள்விக்கு வந்தது. உங்களுக்குத் தங்கை இருக்கிறாளா?

"இமாசு" என்றாள். "இமோத்தோ கா இமாசு." தங்கை இருக்கிறாள். இருக்கிறாள். இருக்கிறாள்.

அமைதி. மழை. மூச்சு.

பிறகு குரல் கேட்டது: "தோகோ?" எங்கே?

பாடத்தில் அப்படியொரு கேள்வியே கிடையாது. நேற்றுத்தான் முழுக்கக் கேட்ட பாடம், அவளுக்குத் தெரியாதா? ஆனால் கேட்டுவிட்டது. பதிலுக்குக் காத்திருந்தது. எங்கே என்றால், வெளியே. வெளியே போயிருக்கிறாள். வெளியே என்பதற்கு அவளுக்குச் சொல் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்.

"கோகோ" என்றாள். இங்கே.

பாடம் நின்றுவிட்டது. போன் திரை அணைந்தது. அறைக்குள் மழையில் நனைந்த தலைமுடியின் வாடை வந்தது. அதோடு இன்னொரு வாடை. லேபில் தினமும் முகர்வது. ஈர மாவு.

எதிர்க் கட்டிலில் துணிக்குவியல் மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.

"குட்டி?"

மேலே கிடந்த சட்டை ஒன்று சரிந்து தரையில் விழுந்தது. அப்புறம் ஒரு துண்டு. போர்வைக்கடியில் யாரோ எழுந்து உட்கார்ந்தார்கள். அவளுக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் தோன்றியது. எழுந்தாள். ஓர் அடி வைத்தாள். போர்வை தலையிலிருந்து நழுவியது. ஈர முடி முகத்தை மறைத்திருந்தது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. விளக்கு வெளிச்சத்தில் வாய் மட்டும் தெரிந்தது.

அது சிரித்தது.

தெத்துப்பல் இல்லை. வரிசையான பற்கள். முன்பல்லின் ஓரத்தில் சின்னதாக ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

அந்த வாய் திறந்தது. அவளுடைய குரலிலேயே, பாடம் சொல்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னது.

"அனே வா இமாசென்."

அக்கா இல்லை.

இன்னொரு தரம். கொஞ்சம் சத்தமாக.

கதவு திறந்தது. அம்மா. அவள் உயிரே திரும்பி வந்ததுபோல அந்தப் பக்கம் திரும்பினாள். அம்மாவின் பார்வை அவளைத் தாண்டிப்போய்க் கட்டிலில் நின்றது.

"குட்டி, தனியா யார்கூடடி பேசிட்டிருக்க?"

"யாருமில்லம்மா. பாடம்" என்றது கட்டிலில் இருந்தது.

"தலை ஏன் இப்படி ஈரமா இருக்கு? துடைச்சிட்டுப் படு."

கத்த வாயைத் திறந்தாள். நாக்கு மேலே போனது. எதிலும் படவில்லை. பக்கவாட்டில் துழாவினாள். கீழே துழாவினாள். வழவழவென்று ஈறு. எல்லாப் பக்கமும் ஈறு. ஒரு சொல்தான் மிச்சம். அதற்குப் பல் வேண்டாம்.

"அம்மா."

அம்மா தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"இந்த மழை விடவே மாட்டேங்குது" என்று முணுமுணுத்துவிட்டு, அவள் பக்கத்திலேயே வந்து, அவள்மேல் இடிக்காமல் கையை நீட்டி மேசை விளக்கை அணைத்தாள். கதவு சாத்திக்கொண்டது.

இருட்டு.

எதிர்க் கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டக். டக். டக். அவளுக்கு நன்றாகப் பழகின சத்தம். புதுப் பல்செட்டை முதன்முதலாக மாட்டிக்கொள்கிறவர்கள், மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகப் பொருந்துகிறதா என்று கடித்துப் பார்க்கிற சத்தம்.