கிட்டப்பார்வைக்காரி

“கிளம்புடா எருமை! நனைஞ்சே சாகணுமா நான்?”

பைக்கின் பின்சீட்டில் யாரோ தொப்பென்று ஏறி உட்கார, முதுகில் ஒரு குத்து விழுந்தது. கூரியர்காரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாலை மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. அந்த மாடிக் கட்டடத்தில் கடைசிப் பார்சலைக் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டும் சிவப்பு மழைக்கோட்டுமாக இப்போதுதான் வண்டியை உதைத்திருந்தான். குத்திய கைக்குப் பயந்தே கிளட்ச்சை விட்டுவிட்டான். வண்டி ஓடத் தொடங்கிவிட்டது.

பின்னால் வாய் ஓயவில்லை. அம்மா போனில் திட்டினாளாம். குடைக்கம்பி உடைந்துவிட்டதாம். அண்ணன்காரன் இன்றைக்காவது நேரத்துக்கு வந்தது உலக அதிசயமாம்... ‘ஐயோ, நான் உங்க அண்ணன் இல்லைங்க’ என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் அவள் கத்துவாள். கத்தினால் கூட்டம் கூடும். கூட்டம் கூடினால் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்வார்கள்.

சிக்னலில் வண்டி இடதுபக்கம் திரும்பியது. பின்னால் பேச்சு சட்டென்று நின்றது.

“நம்ம வீடு... அந்தப் பக்கம்ல?”

அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

“அண்ணா...?” குரல் நடுங்கியது. “யாரு... யாரு நீ?”

அவன் ஓரமாக நிறுத்தினான். அவள் குதித்து இறங்கி, உடைந்த குடையை ஈட்டி மாதிரி நீட்டினாள். குடைநுனி வெடவெடவென்று ஆடியது.

“நீங்கதாங்க ஏறினீங்க! நான் கூப்பிடவே இல்ல!”

“இறங்குன்னு சொல்ல வேண்டியதுதானே? வாய்ல என்ன பூட்டா?”

“குத்தினீங்களே...”

“மூஞ்சியக் காட்டு! காட்டறியா, ஊரைக் கூட்டவா?”

வேறு வழி இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றினான். கழற்றிவிட்டு, வழக்கமாக வரும் அந்த நொடிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவன் நெற்றியில் தொடங்கி, இடது கண்ணைச் சுற்றி, கன்னம் வழியாக உதடு வரை வெண்புள்ளி இறங்கியிருந்தது. சின்ன வயதில் பொட்டளவு வந்தது, வளர்ந்துவிட்டது. ஒட்டாது, வலிக்காது, ஆளைக் கொல்லாது என்று எல்லா டாக்டரும் சொல்லியாயிற்று. யார் நம்பினார்கள்? பார்சல் வாங்கிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அவன் நீட்டிய பேனாவைத் துடைத்துவிட்டுப் பிடிப்பார்கள். “மீனையும் பாலையும் சேத்துச் சாப்பிட்டியாப்பா?” என்று உச்சுக்கொட்டுவார்கள். அவனுக்கு மீன் வாடையே ஆகாது. அதைச் சொன்னால், “அப்ப உங்கம்மா சாப்பிட்டிருப்பாங்க” என்பார்கள். எங்கே தட்டினாலும் வேறு பக்கம் தலைதூக்குகிற பொய் அது. அதோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய்த்தான் நாள் முழுக்க ஹெல்மெட்டுக்குள் குடியேறினான். கூரியர் ஆபீசில் அவனுக்குப் பெயரே ‘ஹெல்மெட்’.

அவள் கிட்டே வந்தாள். இன்னும் கிட்டே... ஒரு சாண் தூரம். இமைமுடியில் மழைத்துளி தொங்கியது. பெரிய கண்களைச் சுருக்கி, நெற்றியிலிருந்து தாடை வரை நிதானமாகப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. பின்வாங்கவில்லை.

“ஆமா... எங்க அண்ணன் இல்ல,” என்றாள், பெரிய கண்டுபிடிப்புபோல. “மன்னிச்சிடுங்க. எனக்குக் கிட்டப்பார்வை. அவனும் இதே சிவப்புக் கோட்டுதான் போட்டுட்டு வருவான்.”

கிட்டப்பார்வை! ‘ஓ... கிட்டத்தில் இருப்பது தெரியாதுபோல. அதனால்தான் ஒன்றும் சொல்லவில்லை’ என்று அவன் கணக்குப் போட்டான். பாவம் என்று நினைத்தான். அடுத்த நொடியே, வெட்கமில்லாமல், சந்தோஷப்பட்டான்.

அவள் வேலை பார்ப்பது அதே கட்டடத்தில், பல் செய்யும் லேபில். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுக்கு ஏற்றபடி பீங்கான் பல் செய்து கொடுப்பாள். லேபுக்கு வழக்கமாகப் போகும் கூரியர் கூட்டாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி, லேபின் பார்சல்களை இவன் தன் வசம் வாங்கிக்கொண்டான். மற்ற வாசல்களில் ஹெல்மெட். அவளுடைய சின்ன அறைக் கதவைத் தள்ளியதும் வெறுந்தலை. உள்ளே மேஜை முழுக்கப் பீங்கான் பொடி, மெல்லிய தூரிகைகள், வாயில்லாமல் இளிக்கும் பல்வரிசைகள். நடுவில் அவள், ஒரு பல்லை மூக்குநுனியில் பிடித்துச் சாயம் ஏற்றிக்கொண்டிருப்பாள்.

“வந்துட்டாரு ஹெல்மெட்டு. இன்னிக்கு யாரைக் கடத்திட்டு வந்தீங்க?”

“இன்னிக்கு யாரும் குத்தலைங்க, பல்லு மேடம்.”

“குறையா இருக்கா? முதுகைத் திருப்புங்க.”

அவன் எதையோ சொல்ல வாயெடுப்பான். பிறகு எச்சிலை விழுங்கிக்கொண்டு, “பார்சல்...” என்று நீட்டிவிட்டு ஓடிவிடுவான்.

நியாயமாக அவனுக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். கிட்டத்தில் கண் தெரியாதவள் கடுகத்தனை இடத்தில் சாயம் ஏற்றுவாளா? ‘கைப்பழக்கம்’ என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். ஒருத்தன் ஒன்றை நம்பியே தீருவது என்று முடிவு கட்டிவிட்டால், எதிரே யானை வந்து நின்றாலும் பூனை என்றுதான் சொல்வான். மீன், பால் என்று உளறுகிறவர்களைப் பார்த்துப் பல்லைக் கடித்தவனும் இவன்தான்!

ஒரு சாயங்காலம் மழை விடட்டும் என்று இருவரும் கட்டட வாசலில் ஒதுங்கி நின்றார்கள். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. அவள் திடீரென்று அவன் சட்டைக்கையைப் பிடித்தாள்.

“அந்த விளக்கைச் சுத்தி... உங்களுக்கு வட்டம் தெரியுதா?”

“இல்லையே...”

“எனக்குத் தெரியுது. பெருசா விரிஞ்சு...” அவள் குரல் இறங்கிவிட்டது. “எங்க அத்தையும் இப்படித்தான் சொன்னாங்களாம். அப்புறம் கண்ணாடி போட்டாங்க. கொஞ்ச வருஷத்துல ரெண்டு கண்ணும் போச்சு. கண்ணாடி போட்டதாலதான் போச்சுன்னு அம்மா சொல்றாங்க. ஸ்கூல்ல டீச்சர் என்னைக் கண்ணாடி போடச் சொன்னப்ப, அம்மா அழுதே தடுத்துட்டாங்க. ஒருதடவை மாட்டினா பவர் ஏறிக்கிட்டேதான் போகுமாமே... நெஜமாங்க?”

பொய் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் முதலாளி வருஷக்கணக்கில் அதே கண்ணாடியோடுதான் பேப்பர் படிக்கிறார். ‘அதெல்லாம் சும்மாங்க, நாளைக்கே போய்க் கண்ணைக் காட்டுங்க.’ நாக்குநுனி வரை வந்துவிட்டது.

ஆனால் கண்ணாடி போட்டால்... அவள் பார்த்துவிடுவாளே!

“அப்படித்தாங்க எல்லாரும் சொல்றாங்க,” என்றான். “நமக்கு எதுக்கு வம்பு...”

அவள் தலையாட்டினாள். அவன் சொன்னதாலேயே நம்பினாள். சொன்ன வாயை அங்கேயே அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது அவனுக்கு.

அந்த வாரமே அது நடந்தது. அவன் தெருவுக்கு எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான். கட்டடத்திலிருந்து வெளியே வந்தவள் மங்கலாகச் சிவப்புக் கோட்டைப் பார்த்து, கையை ஆட்டிக்கொண்டே தெருவில் இறங்கினாள். வலது பக்கம் லாரி. சாம்பல் நிற மழையில் சாம்பல் நிற லாரி. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்... பார்த்தும் நடந்தாள்!

“நில்லுங்க!” என்று கத்திக்கொண்டே அவன் பாய்ந்தான். கை கிடைத்தது. இழுத்தான். லாரி அவள் தோள்பையைப் பறித்து வீசிவிட்டுப் போயிற்று. பையிலிருந்த பீங்கான் பற்கள் ஈரத் தார்ச்சாலையெங்கும் சிதறிக் கிடந்தன.

“நான்... மழைன்னு நெனச்சேன்,” என்றாள். உதடு வெளுத்திருந்தது. “அங்க ஒண்ணுமே இல்லன்னு நெனச்சேன்...”

தன் ஒரு வாக்கியம் எந்தச் சக்கரத்துக்கு முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது என்று அவனுக்குப் புரிந்தது.

“நான் சொன்னது பொய்ங்க. கண்ணாடியால கண்ணு கெடாது. அன்னிக்கே தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்.”

“ஏன்?”

அவன் சிதறிய பற்களைப் பார்த்தான்.

“குருடாயிடுவேனோன்னு தூங்காமக் கெடக்கேன் நான். உங்களை நம்பித்தானே கேட்டேன்? ஏங்க?”

தலையைக் குனிந்துகொண்டான். அவள் குனிந்து பற்களைப் பொறுக்கினாள். உதவ வந்த அவன் கையைத் தட்டிவிட்டாள். கடைசிப் பல்லை எடுத்துவிட்டு நிமிராமலே சொன்னாள். “நாளைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போறேன். அம்மாகிட்ட சொல்லப் போறதில்ல. தனியாப் போகப் பயமா இருக்கு, கூட வாங்க. மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க... சும்மா துணைக்கு.”

ஆஸ்பத்திரித் தாழ்வாரம் நீளமானது. இரண்டு பக்கமும் பெஞ்சுகள், மருந்து விட்ட கண்களை மூடிக்கொண்டு வரிசையாக ஆட்கள். அவள் உள்ளே போன கதவையே பார்த்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். அத்தையைப்போல ஆகிவிட்டதென்று சொன்னால்? கண் நல்லாயிருக்கிறது, கண்ணாடி போட்டால் போதும் என்று சொன்னால்? ‘அதுவே ஆகட்டும்’ என்று வேண்டிக்கொண்டான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று தெரிந்தே, மறுபடி மறுபடி வேண்டிக்கொண்டான்.

கதவு திறந்தது. கறுப்பு வட்டமாகக் கனத்த சோதனைக் கண்ணாடி ஒன்று அவள் மூக்கில் உட்கார்ந்திருந்தது. “கொஞ்சம் நடந்து பாரும்மா, தலை சுத்துதான்னு,” என்று நர்ஸ் உள்ளிருந்து சொன்னாள். அவளுக்காகக் கழற்றி மடியில் வைத்திருந்த ஹெல்மெட்டை அவன் கை தன்னால் எடுத்துத் தலையில் கவிழ்த்தது.

“உள்ள எதுக்கு அதை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? கூரை இடிஞ்சு விழப்போகுதா?”

“டாக்டர்... என்ன சொன்னாங்க?”

“கண்ணுக்குள்ள அழுத்தம் சரியா இருக்காம். நரம்பும் நல்லா இருக்காம். அத்தை கண்ணைத் தின்னது அந்த அழுத்தமாத்தான் இருக்கும், கண்ணாடி இல்லன்னாங்க. முன்னாடியே பாத்திருந்தா...” அவள் மூக்கிலிருந்து நழுவிய கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். “எனக்கு வெறும் கிட்டப்பார்வைதான். விளக்கு அப்படி விரிஞ்சு தெரிஞ்சதும் அதாலதானாம். வருஷா வருஷம் வந்து காட்டினாப் போதும்.”

ஹெல்மெட்டுக்குள் அவன் கண்கள் நிறைந்துவிட்டன. நல்லவேளை, வெளியே தெரியாது.

“கழட்டுங்க.”

“வேணாங்க...” இனி மறைத்து என்ன? “அன்னிக்குப் பொய் சொன்னதே இதுக்குத்தான். கண்ணாடி போட்டா என் மூஞ்சி உங்களுக்குத் தெரிஞ்சிடும். கிட்டத்துல இருக்கறது தெரியாதுங்கற தைரியத்துலதான், உங்க முன்னாடி மட்டும் இதைக் கழட்டினேன்.”

அவள் அவனையே பார்த்தாள். கோபமா, சிரிப்பா... இரண்டும் முட்டிக்கொண்டு வந்தன.

“அட மக்கு மனுஷா! கிட்டப்பார்வைன்னா கிட்டத்துல நல்லாத் தெரியும். தூரம்தான் தெரியாது!”

“...என்னது?”

“வெள்ளையிலேயே பதினாறு வெள்ளை பிரிச்சுப் பாக்கறவ நான். அன்னிக்கு மழையில ஒரு சாண் தூரத்துல நின்னு உங்க முகம் முழுக்கப் பாத்தாச்சு. இடது கண்ணுல இமைமுடிகூட நாலஞ்சு வெள்ளை. அது உங்களுக்கே தெரியாதுல்ல?”

தெரியாது. அவன் கண்ணாடியில் முகம் பார்த்தே எவ்வளவோ நாளாயிற்று.

“ஒட்டிக்கும்னு... பயமா இல்லியா?”

“ஒரு நிமிஷம் இருந்துச்சு. மீன், பால்னு கேட்டு வளந்தவதானே நானும்? அப்புறம் விசாரிச்சேன். இல்லன்னாங்க. விட்டுட்டேன்.”

“அப்ப... ஒண்ணுமே இல்லாததுக்கா நான் உங்களை லாரிக்கு முன்னாடி...”

“ஆமா. அந்தக் கோவம் இருக்கு. ரொம்ப நாள் இருக்கும்,” என்றாள். பிறகு குரல் தணிந்தது. “எனக்கு வேற பயம்ங்க. பக்கத்துல இருக்கற வரைக்கும்தான் நீங்க. நாலு எட்டு வச்சாச் சிவப்பாத் தெரிவீங்க, அதுக்கப்புறம் மழைதான். திரும்பிப் பாத்தீங்களா, சிரிச்சீங்களா... ஒண்ணும் தெரியாது. தெனமும் அப்படியே கரைஞ்சு போயிடுவீங்க. இனிமே வராமலே போயிட்டா எப்படித் தேடுவேன்னு அடிவயிறு கலங்கும்.” ஹெல்மெட்டின் வாரைத் தானே அவிழ்த்தாள். “இதை இங்க வச்சிட்டு, அந்தக் கோடி வரைக்கும் நடங்க. நான் பாக்கணும்.”

தாழ்வாரம் முழுக்க ஜனம். வெறும் முகத்தோடு அவன் நடந்தான். ஒரு பெரியவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். ஒரு தாய் குழந்தையைத் தன் பக்கம் அணைத்துக்கொண்டாள். ஓடிவிடலாமா என்று கால் துடித்தது. ஓடவில்லை. கடைசிச் சுவர் வரை போய்த் திரும்பி நின்றான்.

“தெரியுதுங்களா?”

“எல்லாம் தெரியுது!” அந்தக் கோமாளிக் கண்ணாடிக்கு அடியில் அவள் கன்னம் நனைந்திருந்தது. “இப்ப சொல்லுங்க!”

“எதை?”

“தெனம் சொல்ல வந்து முழுங்கிட்டுப் போவீங்களே, அதை!”

“பக்கத்துல வந்து சொல்றேனே...”

“பக்கத்துல எனக்கு எப்பவோ தெரியும். அங்கேர்ந்து சொல்லுங்க!”

கண்ணை மூடியிருந்தவர்கள்கூட அவன் பக்கம் முகத்தைத் திருப்பினார்கள். அவனுக்கு வேர்த்தது. வாழ்நாளில் இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்ததில்லை.

“எனக்கு உங்களைப் புடிச்சிருக்குங்க!” என்றான், தாழ்வாரமே எதிரொலிக்க. “பயமா இருக்கற அளவுக்குப் புடிச்சிருக்கு!”

“எனக்கும்தான் பயமா இருக்கு...” அவள் அழுதுகொண்டே சிரித்தாள். “கண்ணாடியையும் உங்களையும் ஒரே நாள்ல எப்படி அம்மாகிட்ட சொல்வேன்!”

சொல்லிவிட்டு, பழகாத கண்ணாடியில் தரை சாய்ந்து தெரிய, பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்து, அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நடந்து வந்தாள்.