ஓசை அடங்காத பீங்கான்

தட்டிய ஓசை அடங்கவில்லை.

சுட்டெடுத்த பீங்கானைப் புளியங்குச்சியால் தட்டினால் கணீரென்று ஒலித்து, ஒரு மூச்சு விடும் நேரத்தில் அடங்கிவிட வேண்டும். பொத்தென்றால் உள்ளே விரிசல். விருத்தாசலத்து செராமிக் கொட்டகையில் பதினெட்டு வருஷமாக நீலாவதிக்கு இதுதான் வேலை. அவள் காது ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இன்று கையிலிருந்த விரலளவு குழல் கணீரென்றது. பிறகு உள்ளங்கைக்குள் தப்... தப்... என்று அடித்துக்கொண்டே இருந்தது. இறுக்கிப் பிடித்தாள். எலும்பில் அடித்தது.

அது ராணுவத்தின் பெரிய ஹெலிகாப்டருக்கான சாமான். லாரியையே வயிற்றில் போட்டுக்கொண்டு பறக்கும் ராட்சசன். இன்ஜினைப் பற்றவைக்கும் பிளக்குக்குள் இருக்கும் இந்தப் பீங்கானை வெளிநாட்டில் இப்போது செய்வதில்லையாம். மாதிரிக்கென்று ஒரு ஏஜென்ட் எட்டுப் பழைய குழல்களைக் கொண்டுவந்தான். மலையில் விழுந்து எரிந்த ஒன்றிலிருந்து கழற்றியவை. அதில் போனவர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை.

அளவெடுத்ததும் அந்த எட்டும் அவள் மேசைக்கு வந்தன. பழக்க தோஷம், தட்டிப் பார்த்தாள். பொத். விரிசல் விட்டதை இங்கே யாரும் வீசுவதில்லை. மில்லில் அரைத்துப் புது மண்ணோடு கலந்துவிடுவார்கள். யோசிக்காமல் அரைக்கும் கூடையில் போட்டுவிட்டாள். மேசைமேல் இருக்கும் நாற்பது புதுக் குழல்களும் அந்த மண்ணில் செய்தவை.

நுணலும் தன் வாயால் கெடும் என்று, கலந்ததைப் பற்றி வாயை மூடிக்கொண்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, பட்டாளத்தில் இருக்கும் மகன் திருமால், தெருமுனை பூத்துக்குப் போன் செய்தான். "லீவு கெடச்சிடுச்சும்மா. அடுத்த மாசம் அந்தப் பெரிய ஹெலிகாப்டர்லதான் மலைய வுட்டு எறங்கறேன்." இன்று இந்த ஓசையையும் கேட்டபின் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

முதலாளி ராஜாங்கத்திடம் குழலை நீட்டினாள். "இது சரியில்லீங்க. அனுப்ப வேணாங்க."

"வெடிப்பு இருக்குதா?"

"இல்லீங்க. ஆனா..."

"அப்புறம் என்னா? மூனு மணிக்கு வண்டி வந்துடும். பேசாம பொட்டியில அடுக்கு." மற்றவர்களோடு அவரும் சாப்பிடப் போய்விட்டார். சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் சாமியே வந்து சொன்னாலும் எடுபடாது.

இரண்டு மணிக்குக் கரண்டு போனது. ஃபேன் நின்றது, மில் நின்றது, கொட்டகைக்குள் காற்று மட்டும் நிற்காமல் கூரையிலிருந்து கீழே அழுத்தியது. தரையில் படிந்திருந்த வெள்ளைப் பீங்கான் மாவு கிளம்பிச் சுழன்றது. மண்ணெண்ணெய் நெடி, அதற்கடியில் மயிர் பொசுங்கும் நாற்றம். நாற்பது குழலும் தட்டாமலே அடித்தன. தப். தப். தப்.

"யாரு?"

மாவு ஒதுங்கியது. தலையளவு. தோள். இரண்டு கால். ஆள் படுத்த தடம். பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக. எண்ணினாள். பன்னிரண்டு. எரிந்துபோனவர்கள் பன்னிரண்டு பேர் என்றுதான் ஏஜென்ட் சொல்லியிருந்தான்.

பதின்மூன்றாவது விழத் தொடங்கியது. நெட்டை ஆள். இடது தோள் சற்று இறங்கியிருந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா?

"அவன வுட்டுடுங்க! தப்பு செஞ்சது நானு!"

ஓடிப்போய் அந்தத் தடத்தில் தானே மல்லாந்து விழுந்தாள். கைகால்களை அகட்டி அதை முழுக்க மறைத்தாள். தரை சூளையாய்ச் சுட்டது. நகரவில்லை.

சத்தம் நின்றது. காற்று நின்றது.

மெல்லத் தலையைத் திருப்பினாள்.

அவள் உடம்பை ஒட்டிப் பக்கத்தில் இன்னொரு தடமாய் மாவு ஒதுங்கிக்கொண்டிருந்தது. முதலில் தலை. பிறகு, சற்று இறங்கிய இடது தோள்.