கழுகைச் சுற்றி வளர்ந்த துணி

ஏலத்துக்குப் படம் எடுப்பதற்காக, பழைய சிப்பாய்ச் சின்னமொன்றில் கழுகின் காலடியில் இருந்த, சட்டம் தடைசெய்த நாஜிக் குறியை ஒட்டுத்தாளால் மறைத்தபோதுதான் வோல்க்மார் அதைக் கவனித்தார். சின்னத்தைச் சுற்றிச் சாம்பல்நிறக் கம்பளித் துணி ஒரு விரற்கடை கூடியிருந்தது.

போர்க்காலத்து ஜெர்மன் சிப்பாய்களின் சட்டையில், மார்பிலும் கழுத்துப் பட்டையிலும் தைத்திருந்த பூவேலைச் சின்னங்கள். முப்பது வருடத்தில் முந்நூறுக்கு மேல் சேர்த்துவிட்டார். தபால்காரர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அவற்றைப் பார்த்தாலே அலுப்பாக இருந்தது. முழுச் சட்டையாகக் கிடைத்தால் சின்னத்தை மட்டும் வெட்டிக்கொண்டு மீதியைக் குப்பையில் போடுவது அவர் வழக்கம். ஒவ்வொன்றின் அளவும் மனப்பாடம். இருந்தாலும், கண்தான் ஏமாற்றுகிறது என்று சொல்லிக்கொண்டு ஓரத்தைக் கத்தரித்தார்.

மறுநாள் மறுபடி வளர்ந்திருந்தது. எல்லாவற்றிலும்.

அதன்பின் நகம் வெட்டுவதுபோல் அதுவும் ஒரு வேலையாகிப்போனது. மதியம் சாப்பிட்டு எழுந்ததும் அந்த அறைக்குள் போவார். சேற்றில் ஊறிய கம்பளியின் வாடையும் யாருடையதோ தெரியாத பழைய வியர்வையும் மூக்கை அடைக்க, டிசம்பர் வெளிச்சம் சுவரிலிருந்து மெல்ல வடிந்துபோகும்வரை, விரல்கள் மரத்துப்போகும்வரை வெட்டிக்கொண்டே இருப்பார்.

மனைவி ரோஸ்விதா வாளியை எட்டிப் பார்த்தாள். "இவ்ளோ துணி எங்கேருந்து வருது?"

"ஓரம் சீவுறேன்."

"முப்பது வருஷமா சீவாத ஓரமா?"

"நல்ல விலைக்குப் போகும்ல."

"விக்க வேணாம், அடுப்புல போடு. இதையெல்லாம் போட்டிருந்தவன் என்ன ஆனான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா நீ?"

அவர் கேட்டதில்லை. அடுத்த சின்னத்தை எடுத்து வெட்டத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை அவள் ட்ஸ்விக்காவ் நகரத்தில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போனாள். அன்று சாயங்காலமே அவருக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் படுக்கையிலேயே கிடந்தார். கத்தரிக்கோலைத் தொடவில்லை. உண்மையில் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

ஞாயிறு நாலு மணி. தெருவில் பனி பெய்துகொண்டிருந்தது. பக்கத்து அறையிலிருந்து ஒரு சத்தம். கனத்த துணி துணியோடு உரசும் சத்தம். வெகுநேரம் வரிசையில் நின்றவர்கள் கால் மாற்றி நிற்பதுபோல்.

"ரோஸ்விதா? வந்துட்டியா?"

சத்தம் நின்றது.

எழுந்தார். சுவரைப் பிடித்தபடி நடந்தார். வாடை நடைவரை வந்திருந்தது. கதவு திறக்க மறுத்தது, உள்ளே மூட்டை அடுக்கியதுபோல். தோளால் தள்ளினார். ஒரு சாண் திறந்தது.

சட்டைகள். சுவருக்குச் சுவர். பித்தான் போட்டு, நிமிர்ந்து, கதவைப் பார்த்து. கழுத்துப் பட்டைக்கு மேல் ஒன்றுமில்லை. மார்புகள் மட்டும் விம்மின. தணிந்தன. எல்லாம் ஒரே நேரத்தில்.

கதவை மூட இழுத்தார். அசையவில்லை.

அருகில் நின்றதன் கைமடிப்புக்குள்ளிருந்து ஐந்து நகங்கள் முளைத்திருந்தன. ஈரமாக, வெளுப்பாக. அவை உள்பக்கத்துக் கைப்பிடியைப் பற்றியிருந்தன.