மூன்றாம் மாடியிலிருந்து அழைப்பு

அலாரம் அலறியது.

ஏணியில் நின்றிருந்த பெரிய சகலையின் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் நழுவி, கீழே ஒயர்ச் சுருளை அவிழ்த்துக்கொண்டிருந்த சின்ன சகலையின் முதுகில் விழுந்தது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை. மேலே எங்கிருந்தோ கிளம்பிய அந்தச் சத்தம் மாடிப்படிச் சுவர்களில் மோதி மோதிக் கீழே இறங்கிவந்தது.

பிறகு சட்டென்று நின்றுபோனது.

"அண்ணே, எதையாவது தொட்டீங்களா?"

"எதைத் தொடறது? பேனல்ல இன்னும் ஒரு ஒயர்கூட மாட்டலையே சகல."

உண்மைதான். மாடிப்படியின் அடியில், சுவரில், தீ அலாரத்தின் புதிய பேனலை வெறும் பெட்டியாகத்தான் பொருத்தியிருந்தார்கள். மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைப் பெரிய சகலை சட்டைப் பையில் வைத்திருந்தார். பேட்டரிகள் அட்டைப்பெட்டியை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. கட்டடத்தில் சொட்டு மின்சாரம் கிடையாது.

"பழைய பேட்டரி ஏதாவது மேல தொங்கிட்டிருக்கும்" என்று சொல்லிக் கொட்டாவி விட்டார் பெரிய சகலை. பயப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

அக்காவைக் கட்டியவர் பெரியவர், தங்கையைக் கட்டியவன் சின்னவன். இருவரும் சேர்ந்து தொழில் செய்வதைப் பார்த்து, "சண்டை போடாத சகலைங்களை இப்பத்தான் பாக்கறேன்" என்று மாமனார் அதிசயப்படுவார். சண்டை போட நேரம் இருந்ததில்லை என்பதுதான் காரணம். இந்த வேலைக்காக நாலைந்து நாளாக இங்கேயே சாப்பிட்டு, இங்கேயே சிமென்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டிருந்தார்கள்.

நெடுநாள் நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம் அது. பழுதுபார்ப்பதற்காகப் பல மாதங்கள் மூடிக் கிடந்தது. இன்று மாலை நோயாளிகள் வேன்களில் திரும்பி வருகிறார்கள். கொஞ்சமாவது நடக்கிறவர்களுக்குக் கீழ் மாடிகள். எழுந்திருக்கவே முடியாதவர்களுக்கு மூன்றாம் மாடி. அந்த மூன்றாம் மாடியின் நைட் டூட்டி நர்ஸாகப் புதிதாகச் சேர்ந்திருந்தவள், பெரிய சகலையின் மனைவி.

அதனால்தான் இந்த இடத்தில் மட்டும் அவர் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இரண்டாவது முறையும் முறுக்கிப் பார்த்தார்.

முதலில் பெட்டிக்கு எர்த் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு மாடியின் ஒயரையும் பேனலில் சேர்ப்பதற்கு முன் தனித்தனியாக மீட்டர் வைத்துப் பார்த்தார். தரைத்தளம் சரி. முதல் மாடி சரி. இரண்டாம் மாடி சரி.

மூன்றாம் மாடி செத்துக் கிடந்தது.

ஒவ்வொரு மாடி ஒயரின் கடைசியிலும் அரிசியளவே இருக்கும் ரெசிஸ்டர் என்ற மின்தடையை மாட்டியிருப்பார்கள். அது கண்ணில் படுகிறவரை 'ஒயர் முழுசாக இருக்கிறது' என்று பேனல் பச்சை விளக்குக் காட்டும். மூன்றாம் மாடியில் அது மீட்டருக்குத் தெரியவில்லை. சுவருக்குள் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது.

இருவரும் மேலே ஏறினார்கள். வெளியே மழை கட்டி இருட்டிக்கொண்டு வந்தது. நீளமான தாழ்வாரம். இரண்டு பக்கமும் வெற்றுக் கட்டில்கள். எல்லாச் சுவர்களிலும் புதுப் பெயின்ட் வாசனை.

கடைசி அறைக்கு முன்னால் மட்டும் அந்த வாசனை மாறியது.

கருகிய துணி. கருகிய முடி.

"அண்ணே" என்றான் சின்னவன் மெதுவாக. "எனக்கு முட்டி வலிக்குது. நான் கீழ போறேன்."

"ஏறும்போது வலிக்கலையா?"

"அது வேற முட்டி."

கதவுக்குப் பக்கத்தில், சுவரில், ஆபத்து நேரத்தில் அழுத்துகிற சிவப்புப் பெட்டி இருந்தது. அதன் கண்ணாடியில் கரிப்பிடித்த ஒரு கட்டைவிரல் தடம். பெரிய சகலை சட்டை நுனியால் துடைத்தார். சுத்தமாகப் போய்விட்டது. அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

தடம் அங்கேயே இருந்தது.

இரண்டு பேரும் விறுவிறுவென்று படியிறங்கினார்கள். சின்னவனின் இரண்டு முட்டிகளும் நன்றாகவே வேலை செய்தன.

கீழே மேனேஜர் காத்திருந்தார். அவர் கண்களும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

"வேன் கிளம்பிடுச்சுப்பா, ரெண்டு மூணு மணி நேரத்துல வந்துடும். முடிஞ்சுதா?"

"மூணாவது மாடி ஒயர் அறுந்திருக்கு சார். சுவரை உடைச்சுத் தேடணும். நாளைக்கு ஆயிடும்."

"நாளைக்கா? இன்னைக்குத் திறக்கலன்னா பேஷன்ட்டையெல்லாம் வேற இடத்துக்கு மாத்திடறோம்னு அவங்க வீட்டுக்காரங்க சொல்லிட்டாங்க. அப்புறம் எனக்கும் வேலை கிடையாது, உங்க வீட்டம்மாவுக்கும் வேலை கிடையாது. பாத்துச் செய்ங்க." திட்டக்கூட முடியாத அளவுக்கு ஓய்ந்துபோய், குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குப் போனார்.

சின்னவன் தொண்டையைச் செருமினான்.

"அண்ணே, ரெசிஸ்டரை இங்கயே போட்டுடலாம்."



அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வெளியே சொல்லாத வழி அது. ஒயரின் கடைசியில், மாடியின் மறு கோடியில் இருக்க வேண்டிய ரெசிஸ்டரைப் பேனலுக்குள்ளேயே மாட்டிவிடுவது. ஒயர் முழுசாக இருப்பதாகப் பேனல் நம்பிவிடும். பச்சை விளக்கு சிரிக்கும். மாடியில் யார் அழுத்தினாலும், எவ்வளவு புகைந்தாலும், கீழே ஒன்றும் தெரியாது.

"ஒரு ராத்திரிதானே. காலைல முதல் வேலையா சுவரை உடைச்சிடலாம். அக்கா முழிச்சிட்டுத்தானே இருக்கப் போறாங்க?"

பெரிய சகலைக்குக் கண் எரிந்தது. தோள்பட்டை கழன்று விழுவதுபோல் இருந்தது. ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி.

மூன்றாம் மாடி ஒயரின் முனையில் டேப் சுற்றி ஓரமாக ஒதுக்கினார். அந்த இடத்தில் ரெசிஸ்டரை முறுக்கினார். மற்ற இணைப்புகளைச் சரிபார்த்தார். மெயின் பூட்டைத் திறந்து மின்சாரம் கொடுத்தார். கடைசியாகப் பேட்டரியை இணைத்தார்.

பச்சை.

"பாத்தீங்களா, என்னமா சிரிக்குது!" என்றான் சின்னவன். "நான் போய் டீ வாங்கிட்டு வந்துடறேன்."

அவன் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டியது. பெரிய சகலை சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார்.

பேனல் கிறீச்சிட்டது.

மூன்றாம் மாடி. சிவப்பு.

அவர் பேனலின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். மூன்றாம் மாடி ஒயர் டேப் சுற்றியபடி தனியாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அது எதையும் தொடவில்லை. பட்டனைத் தட்டி அணைத்தார்.

மறுபடியும் சிவப்பு.

அணைத்தார்.

சிவப்பு.

அப்போது பேனலின் பக்கத்திலிருந்த டெலிபோன் அடித்தது. தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்கள் கீழே பேசுவதற்கான போன் அது. மூன்றாம் மாடி போனின் ஒயரும், சுவருக்குள் அந்த அறுந்த ஒயர் போகும் அதே குழாய் வழியாகத்தான் வருகிறது. அதை இன்னும் இணைக்கவே இல்லை.

அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்.

மூச்சு. நீளமான, களைத்துப்போன மூச்சு.

"கீழ யாருங்க?"

பெண் குரல். அது அழவில்லை. கத்தவில்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தவளின் குரல்.

"பேனல்... பேனல் மாட்ட வந்தவன்மா."

"பட்டனை அழுத்திட்டே இருக்கேன். கீழ கேக்குதா?"

அவர் பேனலில் எரிந்த சிவப்பைப் பார்த்தார்.

"கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லிடுங்க. கை வலிக்குது."

போன் செத்துப்போனது. அந்தக் கருகல் வாசனை மெதுவாக மாடிப்படியில் இறங்கி வந்தது.

படியடியின் மூலையில், பழைய பேனல் ஒரு சாக்கின் மேல் கிடந்தது. காயலான் கடைக்குப் போடுவதற்காகக் கழற்றி வைத்திருந்தார்கள். அதன் கதவைத் திறக்க வேண்டும் என்று ஏன் தோன்றியது என்று அவருக்கே தெரியவில்லை. டார்ச் அடித்தார்.

மற்ற மாடிகளின் இடங்களில் வெட்டிய ஒயர்களின் முனைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மூன்றாம் மாடியின் இடத்தில் ஒயரே இல்லை.

மஞ்சளாகிப்போன ஒரு ரெசிஸ்டர் மட்டும் இருந்தது.

கேட்டிலிருந்து திரும்பிய மேனேஜரின் சட்டையைப் பிடிக்காத குறையாக மறித்தார் பெரிய சகலை. "மூணாவது மாடியில என்ன சார் நடந்துச்சு?"

மேனேஜர் படியில் உட்கார்ந்துவிட்டார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"யார் சொன்னா உனக்கு?"

"நீங்க சொல்லுங்க."

"ஒரு நர்ஸம்மா. நைட் டூட்டி. கடைசி ரூம்ல தீ. ஓடியிருந்தா தப்பிச்சிருப்பா. பேஷன்ட்டை விட்டுட்டு வரல. அந்தச் சிவப்புப் பெட்டிகிட்டதான் கிடந்தா, கையை அது மேல வச்சபடி. ஆனா மணி அடிக்கலயே! பயத்துல அழுத்தாம நின்னுட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. அவ அழுத்தியிருந்தா மத்தவங்க பிழைச்சிருப்பாங்கன்னு பேஷன்ட் வீட்டுக்காரங்க அவ வீட்டு வாசல்ல போய்க் கத்தினாங்க."

"அழுத்தினாங்க சார்."

"உனக்கெப்படித் தெரியும்?"

பெரிய சகலை டார்ச்சைப் பழைய பேனலுக்குள் காட்டினார். மேனேஜருக்கு அது புரியவில்லை. பெரிய சகலை சொல்லிப் புரியவைத்தார். சொல்லி முடித்ததும் மேனேஜர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"வேன் வந்தா எல்லாரையும் கீழ் ஹால்லயே வைங்க. நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் மூணாவது மாடிக்குப் போகக்கூடாது. வேலை போனாப் போகட்டும்" என்றார் பெரிய சகலை.

டீயோடு வந்த சின்னவனிடம் எதையும் விளக்கவில்லை. மின்சாரத்தை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, தான் மாட்டிய ரெசிஸ்டரைப் பிடுங்கி எறிந்தார். "உளியும் சுத்தியும் எடு சகல."

"மேலயா?"

"மேலதான்."

"அண்ணே, நான் வாயை மூடிட்டிருந்திருக்கலாம்."

தாழ்வாரத்தின் நடுவில், புகையைக் கண்டுபிடிக்கும் டிடெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தார்கள். அதுவரை ஒயர் சரி. அதற்கு அப்பால்தான் அறுந்திருக்கிறது. கடைசி அறையின் நிலைக்கதவுக்கு மேலே சுவரைத் தட்டினார். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே குழாய் உருகி, செம்புக் கம்பி கருகிப் பொடியாகக் கிடந்தது. பார்க்காமலேயே மேலே பூசி, பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

மீதிச் சுவரை உடைத்துக்கொண்டிருக்காமல், புது ஒயரைச் சுவரின் வெளிப்பக்கமாகவே இழுத்தார்கள். கடைசி டிடெக்டரில், அது இருக்க வேண்டிய இடத்தில், ரெசிஸ்டரை மாட்டினார். போன் ஒயரையும் சேர்த்தார். வேலை முடிகிறவரை, பின்னால் யாரோ நின்று பார்ப்பதுபோல் பிடரி சில்லிட்டுக்கொண்டே இருந்தது. சின்னவன் ஏணியைப் பிடித்திருந்த கையை ஒரு கணம்கூட எடுக்கவில்லை.

கிளம்பும்போது பெரிய சகலை அந்தச் சிவப்புப் பெட்டியைப் பார்த்துச் சொன்னார்.

"ஒயர்தான்மா சரியில்ல. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அறைக்குள் யாரோ மூச்சுவிட்டார்கள்.

சின்னவன் ஏணியை அப்படியே விட்டுவிட்டு ஓடினான்.

மேலே போய் அழுத்திச் சோதிக்க யாரும் தயாராக இல்லை. கடைசியில் மேனேஜரே ஏறிப் போனார். "நான்தான்யா போகணும்" என்று மட்டும் சொன்னார். பெரிய சகலை முறைப்படி மின்சாரம் கொடுத்து, பேட்டரியை இணைத்துக் காத்திருந்தார். பேனலில் மூன்றாம் மாடி சிவந்தது. மறுநொடி கட்டடம் முழுக்க மணிகள் அலறின. காது கிழிகிற அந்தச் சத்தத்தைக் கேட்டபோது, பல நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவருக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

மணியை நிறுத்தினார். பச்சை. இது உண்மையான பச்சை.

மேனேஜர் இறங்கி வரவும் வேன்கள் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. முதல் ஆளாக இறங்கினாள் பெரிய சகலையின் மனைவி. நனைந்த தலையைத் துடைத்தபடி கணவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன கோலம் இது? நோயாளின்னு நினைச்சு உங்களையும் கட்டில்ல போட்டுடப் போறாங்க."

"போட்டா நல்லாத்தான் இருக்கும்."

"தம்பி, நீங்க ஏன் வெளுத்துப்போய் நிக்கறீங்க?"

"ஒண்ணுமில்லக்கா. முட்டி வலி" என்றான் சின்னவன்.

"மேல போகலாமா, இல்ல இன்னும் உடைச்சிட்டிருக்கீங்களா?"

பெரிய சகலை பேனலைப் பார்த்தார். பச்சை அசையாமல் எரிந்தது. "போ" என்றார். "ஏதாவதுன்னா உடனே போன் பண்ணு."

அவள் போர்வைகளை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள். அந்தக் கட்டடத்துக்கு இருப்பது அந்த ஒரே படிதான். இரண்டு சகலைகளும் அதன் அடியிலேயே உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் குடித்தார்கள். கருகல் வாசனை அறவே போயிருந்தது. வெளியே மேனேஜர் ஸ்ட்ரெச்சர்களை இறக்கிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. மூன்றாம் மாடி.

சின்னவன் டீயைக் கீழே வைத்தான். பெரிய சகலை எடுத்தார். மனைவியின் குரல்தான். அவருக்கு உயிர் வந்தது.

"என்னம்மா? மேல எல்லாம் சரியா இருக்கா?"

"சரியாத்தாங்க இருக்கு" என்றாள் அவள். "இங்க டூட்டியில இருந்த சிஸ்டர் எல்லாத்தையும் என்கிட்ட ஒப்படைச்சிட்டு இப்பத்தான் படியிறங்கறாங்க, பாவம் நிக்கக்கூடத் தெம்பில்ல, உங்ககிட்ட வந்ததும் கையைப் புடிச்சு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுங்க."