அவன் விற்ற சைக்கிளில் அவள்

மெர்போக் பக்கம், செம்பனைத் தோட்டத்து மண்சாலை பெரிய சாலையில் வந்து சேரும் முனை. நல்ல மழை. மேட்டிலிருந்து பாய்ந்து வந்த ஒரு சைக்கிள், ஹேமநாதன் ஓட்டிவந்த காடிக்கு ஒரு சாண் முன்னால் சறுக்கி நின்றது.

பதறிப்போய் இறங்கினான். சேறு தெறித்த முகத்தில் இரண்டு பெரிய கண்கள்... கோபத்தில் இன்னும் பெரிதாகி அவனை முறைத்தன.

"ஹார்ன் அடிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"உங்களுக்குப் பிரேக் பிடிக்கத் தெரியாதா?"

சண்டை அதற்குமேல் வளரவில்லை. அவன் பார்வை சைக்கிளின் பின்சக்கரத்தில் நின்றுவிட்டது. வெள்ளிக் கம்பிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பு. அவன் கையால் கோத்த சக்கரம்!

பத்து வருடத்துக்கு முந்தைய பைத்தியம் அது. சுங்கைப்பட்டாணி தொழிற்சாலையில் வாங்கிய சம்பளம் முழுவதும் மலைச் சைக்கிளுக்கே போனது. கூட்டாளிகள் காடி வாங்கியபோது அவன் தைவானிலிருந்து முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வரவழைத்தான். ஒரு ஜோடி பிரேக்குக்காக மூன்று மாதம் ரொட்டியும் தேநீருமாக ஓட்டினான். அப்படி நான்கு சைக்கிள் கட்டினான். ஆனால் எதையும் மலைக்குக் கொண்டுபோனதில்லை... கீறல் விழுந்துவிடுமே என்ற பயம். சுவரில் தொங்கிய நான்கையும் ஒருநாள் பார்த்தபோது தன்மேலேயே வெறுப்பு வந்தது. விற்றுவிட்டான்.

அதில் ஒன்றுதான் இப்போது உடம்பெல்லாம் சேறாக, உயிரோடு நிற்கிறது!

அவள் பெயர் காஞ்சனா. வீடு புக்கிட் செலம்பாவில், வேலை சுங்கைப்பட்டாணியில் ஒரு பல் கிளினிக்கில். இது நான் கட்டி விற்ற சைக்கிள், பிரேக் தேய்ந்துவிட்டது, மாற்றித் தருகிறேன் என்றான். அடுத்த ஞாயிறு அவன் வீட்டு வாசலுக்கு வந்தாள். அதற்கடுத்த ஞாயிறு கியர். அப்புறம் காரணமே இல்லாமல் இரண்டு ஞாயிறு... அவன் திருகாணிகளைத் துடைப்பான், அவள் பேசிக்கொண்டே இருப்பாள். அவள் சிரிக்கும்போது கண்கள் முதலில் சிரிக்கும், உதடு பிறகுதான்.

ஐந்தாவது ஞாயிறு அவன் ஏதோ சொல்ல வந்து, வேறெதையோ உளறினான். இந்தச் சைக்கிளை எனக்கே விற்றுவிடுகிறீர்களா?

அந்தக் கண்கள் அணைந்துபோயின.

"அப்ப இத்தன நாளும் என்னைக் கூப்பிட்டது இதுக்குத்தானா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'நம்மை இப்படியா நினைத்தாள்' என்ற வீம்பு வாயைக் கட்டிவிட்டது.

இரண்டு வாரம் அவள் வரவில்லை. மூன்றாவது வாரம் சைக்கிள் மட்டும் அவன் கேட்டில் சாய்ந்திருந்தது. கூடவே ஒரு துண்டுச்சீட்டு: 'வச்சுக்குங்க. சும்மாதான் தர்றேன்.'

கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். ஒரு காலத்தில் உயிரையே கொடுத்த பொருள்... இப்போது வெறும் இரும்பாகத் தெரிந்தது. மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்தான். கிளினிக்கில் அவளைப் பார்க்க ஒரே வழி, பல் சுத்தம் செய்யப் பெயர் கொடுப்பதுதான்.

நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்தான். டாக்டர் பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயோடு அவள். முகமூடிக்கு மேலே அந்தக் கண்கள் மட்டும். அரைமணி நேரம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. ஒருவழியாக டாக்டர் அடுத்த அறைக்குப் போனார்.

"பல்லு நல்லாத்தானே இருக்கு. எதுக்கு வந்தீங்க?"

"நாலு சைக்கிள் கட்டுனேன் காஞ்சனா. பயந்து பயந்து ஒண்ணுலயும் ஏறல. உங்ககிட்டயும் அதே பயம்தான். உங்களக் கேக்க வந்து... சைக்கிளக் கேட்டுட்டேன் லா."

அவள் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தாள். பிறகு தண்ணீர்க் குவளையை நீட்டினாள்.

"வாயக் கொப்புளிங்க. ஒண்ணும் வெளங்கல. திரும்பச் சொல்லுங்க."

கொப்புளித்தான். அவசரத்தில் பாதி சட்டையில் கொட்டியது.

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு."

முகமூடிக்கு மேலே கண்கள் முதலில் சிரித்தன.

"ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க. அப்பாகிட்ட சொல்றப்ப மட்டும் இவ்வளவு நாள் எடுத்துக்காதீங்க... எனக்குத் தாங்காது."